அரசு கட்டுமான வேலையில் கூலி பாக்கி, கேட்டால் "நீ சப் கான்ட்ராக்டர்": பணத்தை வாங்க முழுமையான வழிகாட்டி

பொதுப்பணித்துறை கட்டடம், நெடுஞ்சாலைப் பாலம், குடிநீர் வாரியத் தொட்டி, ஒன்றியத்துப் பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒரு அரசு வேலையில் கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, கலவை சுமந்துவிட்டு, கடைசியில் கணக்கு முடிக்கப் போனால் "நீதான்பா சப் கான்ட்ராக்ட் எடுத்த, உன் ஆளுங்களுக்கு நீதான் குடுக்கணும்" என்று பதில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மேஸ்திரிகளும் இதில் அடக்கம். பத்து ஆளைக் கூட்டி வந்ததற்காக ஒரு தாளில் கையெழுத்து வாங்கி மேஸ்திரியை "ஒப்பந்ததாரர்" ஆக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள், அவர் கம்பெனி வாசலில் நிற்கிறார்.

ஒன்றை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் இரண்டு அலுவலகத்தில் இரண்டு கதை சொல்கிறார். துறையிடம் "எல்லாம் என் ஆட்கள், வேலையை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை" என்கிறார், ஏனென்றால் அரசு ஒப்பந்த நிபந்தனைகளில் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தொழிலாளர் அலுவலகத்தில் "இவர் என் ஆள் இல்லை, சப் கான்ட்ராக்டர்" என்கிறார். இந்த இரண்டு கதையையும் ஒரே மேஜையில் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள் எல்லாம். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் கையில் சேர்க்க வேண்டியவை

ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வேலை பார்த்த காலத்துக்கான வங்கிக் கணக்கு விவரம், பான் இருந்தால் அதன் எண், பிஎஃப் (வைப்பு நிதி) பிடித்திருந்தால் அந்தக் கணக்குக்கு உங்கள் பெயரில் உள்ள யுஏஎன் எண். எல்லோருக்கும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். பாதி மனுக்கள் படுத்துவிடுவது சட்டப் பிரச்சினையால் அல்ல, எட்டு பேரில் மூன்று பேருடைய தாள் கிடைக்காததால்தான்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அதையும் வையுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் கட்டுமானத் தொழிலாளி என்பதற்கு அது சாட்சி, இந்தக் கான்ட்ராக்டரிடம் இந்த வேலையில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. புதிதாக மனு கொடுக்க வருபவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள், அட்டை இருக்கிறதே என்று வேறு எதையும் சேர்க்காமல் வந்து நிற்பார்கள்.

2. வேலை எந்தத் துறையுடையது என்று உறுதி செய்யுங்கள்

இதை முதலில் செய்யக் காரணம், எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். தவறான இடத்தில் கொடுத்தால் "எங்கள் வரம்பில் வராது" என்று எழுதித் திருப்பி அனுப்பவே மாதக்கணக்கு ஆகிவிடும்.

தளத்தின் முன்னால் தகவல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி அதில் இருக்கும். இரண்டு போட்டோ எடுங்கள்: ஒன்று எழுத்து தெரிகிற மாதிரி, இன்னொன்று பலகையும் கட்டடமும் சேர்ந்து தெரிகிற மாதிரி. வேலை முடியும் தறுவாயில் பலகை காணாமல் போகும், அதனால் கூலிப் பிரச்சினை இல்லாதபோதே எடுத்து வைப்பது நல்லது. பலகை இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் பணியின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

மாநிலத் துறை, வாரியம், உள்ளாட்சி வேலை என்றால் மாவட்டத்தில் உள்ள மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். ரயில்வே, மத்தியப் பொதுப்பணித்துறை, பெருந்துறைமுகம், விமான நிலையம் போன்றவை என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு, சென்னையில் அது சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தேசிய நெடுஞ்சாலை என்றாலே மத்திய அரசு என்று முடிவுகட்ட வேண்டாம். பல பகுதிகளில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவே வேலையை நடத்துகிறது. ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பில் கையெழுத்துப் போட்டது யார் என்பதைப் பாருங்கள், சாலையின் எண்ணைப் பார்க்காதீர்கள்.

3. நீங்கள் தொழிலாளியா, ஒப்பந்ததாரரா: உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகப் பணக் கணக்குக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் விசாரணையில் முதல் சண்டையே இதில்தான். தொழிலாளி என்று நிலைநாட்டிவிட்டால் மிச்சம் கணக்குப் பார்க்கும் வேலை. நிலைநாட்டவில்லையென்றால் "சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று சொன்னது யார்? சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி, கலவை மிஷின், கம்பி வெட்டும் மிஷின் யாருடையது? (சொந்தக் கரணையும் மட்டக்கோலும் கொண்டுவந்ததால் ஒருவர் தொழில்முனைவோர் ஆகிவிட மாட்டார்.) சிமென்ட், கம்பி வாங்கியது யார்? வேலை கெட்டுப்போய் இடித்துக் கட்டினால் நஷ்டம் யாருக்கு? அதே சமயத்தில் வேறு இடத்தில் வேலை பார்க்க உங்களுக்குச் சுதந்திரம் இருந்ததா? "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் "கம்பெனி" என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். 1978இல் ஹுசைன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஒரு கூட்டம் ஆட்களின் உழைப்பு யாருடைய தொழிலுக்குப் போகிறதோ, அவர்களுடைய பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் முதலாளி. நடுவில் எத்தனை இடைத்தரகரை நிறுத்தினாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றது.

போலி ஏற்பாட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு. மேஸ்திரி பெயரில் லெட்டர்பேடு அடித்துக் கொடுத்து அதில் "கொட்டேஷன்" எழுதி வாங்குவது. எல்லோருடைய கூலியையும் மொத்தமாக ஒருவர் கணக்கில் போடுவது. முத்திரைத்தாளில் தேதியில்லாமல் கையெழுத்து. பான் எண்ணை வாங்கிக்கொண்டு சம்பளமாகக் காட்டாமல் ஒப்பந்தத் தொகையாகக் காட்டி 1 சதவீதம் வரி பிடிப்பது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே இருக்கும் வரிப்பிடித்தக் கணக்கைத் திறந்து பார்த்தால் இந்தக் கடைசி விஷயம் தெரிந்துவிடும். பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். கான்ட்ராக்டர் உங்களை எப்படி எழுதிக்கொண்டார் என்பதைத்தான் அது காட்டுகிறது. அதோடு, உங்களுக்குப் பணம் கொடுத்தது அவர்தான் என்று அவரே வருமான வரித்துறையிடம் ஒப்புக்கொண்ட ஆதாரமாகவும் ஆகிறது. அச்செடுத்து உறையில் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்தமாகச் சென்ட்ரிங் சாமான் வைத்திருந்து, ஜிஎஸ்டி எண்ணோடு, மூன்று தளத்தில் ஒரே நேரத்தில் ஆள் விட்டு, லாபம் வைத்து வேலை எடுக்கும் மேஸ்திரி நிஜமான ஒப்பந்ததாரர்தான். அவருக்கு இந்த வழி இல்லை, அவரிடம் வேலை பார்த்த ஆட்களுக்கு உண்டு. இதை ஆரம்பத்திலேயே நேர்மையாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால் ஆட்களுடைய மனுவும் சேர்ந்து கெடும்.

4. ஆதாரம் திரட்டுவது

முதலில் வாட்ஸ்அப். தளத்து சூப்பர்வைசரோ சைட் இன்ஜினியரோ காலையில் அனுப்புகிற குறுஞ்செய்திக்கு இருக்கிற மதிப்பு முத்திரைத்தாளுக்குக்கூடக் கிடையாது. ஒரு கம்பி மேஸ்திரியுடைய வழக்கில் கம்பெனி தரப்பில் அழகாக டைப் அடித்த "லேபர் ஒப்பந்தம்" கொண்டுவந்து வைத்தார்கள். அவர் போனில் இருந்ததோ, "நாளைக்கு 6 பேர் காலம் (தூண்), 2 பேர் ஸ்லாப், ஏழரைக்கு சைட்ல இருக்கணும், யாரும் போன் பேசக்கூடாது" என்கிற மாதிரி மாதக்கணக்கில் செய்திகள். விசாரணை அதிகாரி அதை மேலும் கீழும் தள்ளிப் படித்துவிட்டு, கம்பெனி ஆளைப் பார்த்து "சப் கான்ட்ராக்டர் போன் பேசினா உங்களுக்கு என்ன?" என்று கேட்டார். அதோடு அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சே எடுபடவில்லை.

எனவே பிரச்சினை என்று தெரிந்ததும் குழுவிலிருந்து விலகாதீர்கள், போனை மாற்றாதீர்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறி, உரையாடலையும் அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. செய்திகளை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், அனுப்பியவர் பெயரும் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள்.

அடுத்து வருகைக் கணக்கு. மேஸ்திரியின் சின்ன நோட்டு, அழுக்காக இருந்தாலும், பேனா மை மாறி மாறி இருந்தாலும், அப்படியே வேண்டும். அதை அழகாகப் புது நோட்டில் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நான்கு மாதக் கணக்கு இருந்தால், நேற்று எழுதியது என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு வேறு ஒன்றுமே தேவையில்லை.

பணம் வந்த வழி: ஜிபே, வங்கி வரவு, யார் எண்ணிலிருந்து வந்தது என்பதோடு. வாரச் செலவுக்குக் கொடுத்த சின்னத் தொகைகளும் முக்கியம், வாரா வாரம் செலவுக்காசு வாங்குகிறவர் கூலியாள் என்பது அதிலேயே தெரியும். இவை தவிர கம்பெனி பெயர் போட்ட ஹெல்மெட், கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பில் எடுத்த குழுப் படம், தங்கும் ஷெட்டின் படம் எதுவானாலும் சரி.

கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் போவதற்கு முன் அவர்களுடைய நிரந்தர முகவரியும், வீட்டில் உள்ள இன்னொருவர் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார், வங்காளத்துத் தோழர்கள் என்றால் இது இன்னும் அவசியம். அவர்களுடைய சிம் மாறிவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது.

5. எவ்வளவு பாக்கி: கணக்குப் போடும் முறை

"சுமார் ஒரு லட்சம் வரணும் சார்" என்று எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள், மாதத்துக்கு ஒரு வரி.

தமிழ்நாட்டில் கொத்தனார், கம்பி வேலைக்கெல்லாம் சந்தைக் கூலி பெரும்பாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம். அதனால் திருட்டு நடப்பது தினக்கூலியின் அளவில் இல்லை. கூடுதல் நேரத்தில், கடைசி சில வாரங்களை நிறுத்தி வைப்பதில், "அட்வான்ஸ் கழிவு" என்ற பெயரில், பிஎஃப் கட்டாமல் விடுவதில் நடக்கிறது. சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டும் தினக்கூலியையே குறைத்துக் கொடுப்பார்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஆண் பெண் பார்த்துக் கூலியைப் பிரிப்பது சட்டவிரோதம், அந்த வித்தியாசத்தையும் தனி வரியாகக் கேளுங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. பேசிய கூலி 900 ரூபாய், காலை 8 முதல் இரவு 8 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அதாவது 11 மணி நேர வேலை. சாதாரண வேலை நேரம் 8 மணி, அப்படியென்றால் ஒரு மணி நேரக் கூலி 112 ரூபாய் 50 காசு. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு, 225 ரூபாய். 3 மணி நேரத்துக்கு 675. ஒரு நாளுக்கு மொத்தம் 1,575. தளத்தில் இதை "ஒன்றரை ஷிப்ட்" என்று போட்டு 1,350 எழுதுவார்கள், தினம் 225 ரூபாய் அங்கேயே போகிறது. 24 நாளுக்கு 37,800 வர வேண்டும். வாரம் 2,000 வீதம் நான்கு வாரச் செலவுக்காசு 8,000 வாங்கியிருந்தால் பாக்கி 29,800.

வாங்கியதை மறைக்காதீர்கள். ஒரு 2,000 ரூபாயை விட்டுவிட்டு எழுதி, எதிர்த்தரப்பு ஜிபே ரசீதைக் காட்டிவிட்டால் மீதி எல்லாக் கணக்கும் பொய்யென்று ஆகிவிடும்.

பேசிய கூலிக்கு ஆதாரமே இல்லையென்றால் மட்டும் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வையுங்கள். மாநிலத்தில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1இலும் மாறும், மத்திய அரசு வேலைகளில் ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு முறை மாறும். உதாரணமாக, 2024 அக்டோபரில் மத்திய வரம்பில் உள்ள கட்டுமான வேலைக்கு, பெருநகரங்கள் அடங்கிய ஏ பகுதியில், திறன்சாரா வேலைக்கு 783 ரூபாயும் திறன்சார் வேலைக்கு 954 ரூபாயும் என்று இருந்தது. நீங்கள் வேலை பார்த்த மாதத்துக்கு எது பொருந்துமோ அந்த அறிவிப்பை எடுத்து இணையுங்கள்.

6. துறைக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு

இது தொழிலாளர் அலுவலக மனுவுக்கு முன்னால் போக வேண்டும். பதில் வர 30 நாள் வரை ஆகும், விசாரணை தொடங்கும்போது பதில் கையில் இருந்தால்தான் பலன். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை: பணி ஆணை மற்றும் ஒப்பந்தத்தின் நகல், வேலையின் எந்தப் பகுதியையாவது வேறொருவருக்குக் கொடுக்க ஒப்பந்ததாரருக்கு அனுமதி அளிக்கப்பட்டதா, அளித்திருந்தால் ஆணையின் நகல், ஒப்பந்ததாரர் சமர்ப்பித்த தொழிலாளர் பட்டியல், ஊதியப் பதிவேடு, பிஎஃப் செலுத்திய சலான், இதுவரை வழங்கிய பகுதிப் பட்டியல் (பார்ட் பில்) தொகைகளும் தேதிகளும், ஒப்பந்ததாரரின் பணத்தில் உத்தரவாதமாகத் துறையிடம் நிற்கும் காப்புத்தொகை எவ்வளவு.

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. "அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை" என்று ஒரு வரி பதில் வந்துவிட்டால், கான்ட்ராக்டர் உங்களைச் சப் கான்ட்ராக்டர் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் ஒப்பந்தத்தை மீறியதாகத் தானே வாக்குமூலம் கொடுக்கிறார். வக்கீல் வைத்திருக்கும் கம்பெனிகள் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடும்.

"ஏன்", "எப்படி" என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். ஏன் கூலி தரவில்லை என்று ஆர்டிஐயில் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று சரியாகவே மறுப்பார்கள்.

7. கான்ட்ராக்டருக்கும் செயற்பொறியாளருக்கும் ஒரே நாளில் கடிதம்

ஆர்டிஐ பதிலுக்காகக் காத்திருக்காமல் இதைச் செய்யுங்கள். கடைசிப் பில் பாஸ் ஆவதற்குள் இந்தக் கடிதம் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். பில் போய் காப்புத்தொகையும் திரும்பிவிட்டால், சட்டப்படி துறையின் பொறுப்பு போகாதுதான், ஆனால் துறையின் அக்கறை போய்விடும். பணம் அவர்கள் கையில் நிற்கும்போது ஒரு உதவிப் பொறியாளர் போனில் சொல்லுகிற ஒரு வார்த்தைக்கு இருக்கும் வேகம் பின்னால் எந்த உத்தரவுக்கும் இருக்காது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் சட்டத்தின் பெயர்களைக் கவனமாக எழுத வேண்டும். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கவில்லை அல்லது குறைத்துக் கொடுத்தார் என்றால், முதன்மை வேலையளிப்பவர், அதாவது இங்கே வேலையை விட்ட அரசுத் துறை, கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இது பழைய 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, இப்போது 2020ஆம் ஆண்டு பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பின் 55ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் புதிய தொகுப்பின் அந்தப் பகுதி 50 அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர் இருக்கும் இடங்களுக்குத்தான். முன்பு 20. சின்ன வேலையென்றால் அதை மட்டும் நம்பாமல் 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பின் 43ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள், வேலையளிப்பவர் கூலி தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் பிரிவு அது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு பட்டியல். கீழே, இந்தத் தொகையை ஒப்பந்ததாரருக்குப் போகவேண்டிய பில்லிலோ காப்புத்தொகையிலோ நிறுத்தி வைக்கும்படி ஒரு கோரிக்கை. நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தை அச்செடுத்து வையுங்கள்.

எழுதும்போது "ஒப்பந்தத் தொகை பாக்கி", "பில் பாக்கி", "லேபர் ரேட் பாக்கி" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். தளத்தில் பேசுகிற பழக்கத்தில் மேஸ்திரிகள் இப்படித்தான் எழுதுகிறார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்கிறார். சதுர அடிக் கணக்கிலோ டன் கணக்கிலோ பேசியிருந்தாலும் அது வேலை அளவை வைத்துக் கொடுக்கும் கூலிதான், கூலி என்றே எழுதுங்கள்.

8. தொழிலாளர் அலுவலகத்தில் மனு

ஊதியத் தொகுப்பின் 45ஆம் பிரிவின் கீழ் மனு. எத்தனை பேர் இருந்தாலும் ஒரே மனுவாகப் போடலாம், பதிவு பெற்ற சங்கம் மூலமாகவும் போடலாம். ஊருக்குத் திரும்பிவிட்டவர்கள் சார்பாக நிற்க சங்கம்தான் வசதி. கால வரம்பு மூன்று வருடம். ஆனால் 2025 நவம்பர் 21க்கு முந்தைய கூலி என்றால் அந்த மூன்று வருடத்தை நம்பி உட்காராதீர்கள். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம், ஊதியம் வழங்கல் சட்டத்தில் ஒரு வருடம் என்றுதான் இருந்தது. தாமதமாகியிருந்தால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்துக் கொடுங்கள்.

எதிர்மனுதாரர்களாக மூன்று பேரைச் சேருங்கள்: பிரதான கான்ட்ராக்டர், நடுவில் இருக்கும் நிஜமான சப் கான்ட்ராக்டர் யாராவது இருந்தால் அவர், அரசுத் துறையின் செயற்பொறியாளர். மேஸ்திரி மேல் மட்டும் மனு போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கம்பெனி எதிர்பார்ப்பதே அதுதான், ஏழைக்கும் ஏழைக்கும் வழக்கு, நடுவில் அவர்கள் காணாமல் போவார்கள். கூலி வாங்காமல் நிற்கும் மேஸ்திரியை மனுதாரராகவே சேர்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் சாட்சியாக.

மனுவில் 1982ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் குறிப்பிடுங்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் மத்திய அரசுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் 9 ரூபாய் 25 காசு தினக்கூலியில் ஜமேதார்கள் (ஆள் கூட்டி வரும் இடைத்தரகர்கள்) ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டதால் அரசு கை கழுவ முடியாது என்றும் சொன்னது. துறையின் ஆள் "எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஆரம்பிக்கும்போது இது உதவும்.

போலீஸ் நிலையத்துக்கோ முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணுக்கோ முதலில் போகாதீர்கள். போலீஸ் "சிவில் மேட்டர்" என்பார்கள். 1100இல் கொடுத்த புகார் அதே செயற்பொறியாளருக்கே திரும்பி வந்து, "ஒப்பந்ததாரர்களுக்கு இடையேயான பிரச்சினை" என்று முடித்து வைக்கப்பட்டால், அந்தப் பதிலே பின்னால் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் இலவசம். தொலைபேசி எண் 15100.

9. விசாரணை நாளில்

கூலி கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது வேலையளிப்பவர் பொறுப்பு, ஊதியத் தொகுப்பின் 59ஆம் பிரிவு. எனவே "நீ வாங்கலைன்னு நிரூபி" என்று கேட்டால் தடுமாற வேண்டாம், பதிவேட்டையும் வங்கிக் கணக்கையும் அவர்கள் கொண்டுவரட்டும். "இனி எந்தப் பாக்கியும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிய தாளைக் காட்டினால் 60ஆம் பிரிவைச் சொல்லுங்கள், தொகுப்பு தரும் தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது.

அப்புறம் ஆர்டிஐ பதிலை எடுத்து வைத்துவிட்டு நிதானமாகக் கேளுங்கள்: இவர் சப் கான்ட்ராக்டர் என்றால் துறையின் அனுமதி எங்கே? இவருடைய ஜிஎஸ்டி எண் என்ன? இவர் கொண்டுவந்த மிஷின் எது?

வராந்தாவில் ஒரு ஆள் வருவார். நல்லவராகப் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார், பாதிப் பணத்தை ரொக்கமாக வைத்துக்கொண்டு "கேஸை வாபஸ் வாங்கிடு, மீதி அடுத்த வாரம்" என்பார். சமரசம் தப்பே இல்லை, ஆனால் அதிகாரி முன்னால், எழுத்தில், வங்கி வழியாக. பணம் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறிய பிறகுதான் வாபஸ். மேஸ்திரி கணக்கில் மொத்தமாகப் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அவர் ஒப்பந்ததாரர் என்ற கதைக்கு நீங்களே புது ஆதாரம் தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

தேதி வாங்கிவிட்டு வராமல் இருப்பது கம்பெனிகளின் பழக்கம். நீங்கள் ஒரு தடவை வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். எல்லோரும் வர முடியாவிட்டால் இரண்டு பேராவது கண்டிப்பாக வர வேண்டும், யார் என்பதை முன்னமே பேசி வையுங்கள்.

10. பிஎஃப் தனியாக

இதைக் கூலி மனுவோடு கலக்காதீர்கள், அலுவலகம் வேறு. 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் பிஎஃப் உண்டு, ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. யுஏஎன் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். சில இடங்களில் ஆள் மாதம் முழுக்க வேலை பார்த்திருப்பார், பாஸ்புக்கில் ஆறு நாள் கூலிக்கு மட்டும் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தாலும் நல்லதுதான் என்பேன். ஆறு நாளுக்குத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டவர் மீதி இருபது நாளுக்குச் சப் கான்ட்ராக்டர் என்று சொல்ல முடியாது, எனவே இதைக் கூலி விசாரணையிலும் காட்டுங்கள். கூலி மனு கொடுத்த பிறகு வைப்பு நிதி அமைப்பின் குறைதீர் தளத்தில் புகாரைப் பதிவு செய்தால் போதும்.

11. உத்தரவு வந்த பிறகு

உத்தரவில் பாக்கித் தொகை தவிர இழப்பீடும் சேரலாம், சட்டம் பத்து மடங்கு வரை அனுமதிக்கிறது. அவ்வளவு கொடுப்பதை நான் பார்த்ததில்லை, ஆனாலும் மனுவில் கேட்காமல் விடாதீர்கள். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது.

உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையோடு வாங்கி, ஒன்றைச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அங்கே இன்னும் காப்புத்தொகை நின்றால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் விசாரணை அதிகாரியிடம் வசூல் சான்று கேட்டு மனு கொடுங்கள். அது மாவட்ட ஆட்சியருக்குப் போய், நில வருவாய்ப் பாக்கியைப் போல வசூலிக்கப்பட வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்று எந்தப் பிரிவுக்குப் போனது, எந்தத் தாசில்தாருக்கு அனுப்பினார்கள், கடித எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டருடைய அலுவலகம் வேறு மாவட்டத்தில் இருந்தால் சான்று அந்த மாவட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். அவர் இப்போது வேறு எந்தத் துறையில் வேலை எடுத்திருக்கிறார் என்று ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் பார்த்து, அந்த விவரத்தையும் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.